மாடிக்குப் போன கேபிள்

செருப்பை உள்ளேயே விட்டுருங்கம்மா. வெளியில விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல ஒயரா கெடக்கு. இதுல உட்காருங்க. அவ தூங்குறா. இப்பத்தான் குழாய் வழியா கஞ்சி குடுத்துப் படுக்க வச்சேன். எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அவசரமாப் போகணுமா? இல்லையே? அப்போ சரி.

திலகவதி மேடத்தோட ஸ்டூடண்ட்டுன்னு சொன்னீங்க. எந்த வருஷ பேட்சு? அடடே, அப்போ நீங்க அந்தச் சனிக்கிரகக் கோஷ்டி. வளையம் கோடு மாதிரித் தெரிஞ்ச வருஷம், இந்த மாடியில ராத்திரி பூரா கூத்தடிச்சீங்களே. உங்களுக்கெல்லாம் சுக்குக்காப்பி போட்டுக் கொண்டாந்தது நான்தான். ஞாபகம் இருக்காது. எல்லாரும் ஆகாசத்தையே பார்த்துட்டு நின்னீங்க, காப்பி குடுக்கறவன் மூஞ்சியை யாரு பார்த்தா? தப்பாச் சொல்லலம்மா. அவளும் அப்படித்தான். கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லிட்டா, சாயங்காலம் ஆனா நான் மேல போயிருவேன், தேடாதீங்கன்னு. சரின்னுட்டேன். அவ மேல, நான் கீழ. அப்படியே ஓடிருச்சு காலம். எங்களுக்குக் குழந்தை இல்ல. அவளுக்குத்தான் நீங்கள்லாம் இருந்தீங்க.

அதோ சுவத்துல வெள்ளைப் பைப் ஒண்ணு போகுதே, பார்த்தீங்களா? ஜன்னல் வழியா வெளிய போய், சன்ஷேடுல ஏறி, மொட்டை மாடிக்குப் போகுது. அதுக்குள்ளதான் கேபிள் இருக்கு. சீரியல் கேபிள். இந்த வருஷம் பூரா என் உசுரை வாங்குனது அதுதான். வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். சொன்னா நெஞ்சு கொஞ்சம் லேசாகுது. நீங்க படிச்ச பொண்ணு, உங்களுக்குப் புரியும்.

முதல்ல அவ விழுந்தா. அதுலேர்ந்துதான் எல்லாம் ஆரம்பம். மாடிப்படி திரும்புற எடத்துல. டெலஸ்கோப்புக் கண்ணாடி இருக்கற டப்பாவைக் கையில எடுத்துட்டு ஏறுனவ, கால் மடங்கி விழுந்துட்டா. சத்தம் கேட்டு ஓடுனேன். மணிக்கட்டு ஒடிஞ்சு கெடக்கா, ஆனா டப்பாவை நெஞ்சோட அணைச்சுட்டுக் கெடக்கா. டப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. நான் தூக்கப் போனா, மொதல்ல இதை வாங்கிக்கங்கங்கறா. அந்தச் சத்தம் இருக்கே, அவ விழுந்த சத்தம், இன்னும் என் காதுல இருக்கும்மா. நான் அன்னைக்கே மாடிக்கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் அரைஞாண்ல.

கை சேர்ந்துச்சு. ஆனா காலு சேரல. திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனோம். நரம்பு வியாதின்னாங்க. தசை ஒவ்வொண்ணாக் கைவிட்டுக்கிட்டே வருமாம். காலு, கையி, நாக்கு, முழுங்கறது, மூச்சு. மூளை மட்டும் கடைசி வரைக்கும் தெளிவா இருக்குமாம். மருந்து இல்லையான்னு கேட்டேன். பார்த்துக்கங்க, நல்லாப் பார்த்துக்கங்கன்னு டாக்டர் சொன்னார். அதைத்தானேம்மா நான் செய்யறேன்? ஒரு ஆளு வச்சுக்கலை. குளிப்பாட்டுறது, தலை பின்னுறது, எல்லாம் நானே. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவன், ஒரு பொம்பளைக்குச் சடை பின்னக் கத்துக்கிட்டேன். பாருங்க உள்ள போனா, எவ்வளவு நேரா வகிடு எடுத்திருக்கேன்னு.

போன தை மாசம் படுக்கையில விழுந்தா. அப்போ பேச்சு இருந்துச்சு, கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். ஒரு நாள் சொல்றா: இந்த வருஷம் சனியோட வளையம் மறுபடியும் கோடு மாதிரி ஆகுது, பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அப்படி வரும், அடுத்த தடவைக்கு நான் இருக்க மாட்டேன்னு. அழுதுட்டுச் சொல்லலை. பாடம் நடத்துற மாதிரிச் சொன்னா. அப்புறம் சொன்னா:

"என்னங்க, ஒரு தடவை என்னை மேல கொண்டு போங்க. நாற்காலியில உட்கார வச்சு நாலு பேரு தூக்குனாப் போதும்."

"நாலு பேரு தூக்கறதுங்கற பேச்சை இந்த வீட்டுல பேசாதே"ன்னுட்டேன்.

சரிதானேம்மா? விளக்கு வைக்கிற நேரம், அப்படி ஒரு வார்த்தை. அதோட அந்தப் படி உங்களுக்குத் தெரியும்ல, எவ்வளவு குறுகல்னு. அவ விழுந்த படி அது. வேத்தாளுங்க வந்து என் பொஞ்சாதியைத் தூக்கறதாவது. அவ மறுபடி கேட்டா. ரெண்டு மூணு தடவை கேட்டா. நான் சொன்னேன், நீ எதுக்கு மேல போகணும், மேல இருக்கறதைக் கீழ கொண்டாந்து உன் கட்டில் பக்கத்துல வைக்கறேன், அது என் பொறுப்புன்னு. அப்புறம், "சரி, ஆனா நானே திருப்பணும். நீங்க திருப்பக் கூடாது"ன்னா. அப்போ அவளுக்கு வலது கை ஆள்காட்டி விரல் நல்லா வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு விரல் போதும்னா.

அந்த ஒரு விரலுக்காகத்தான் இவ்வளவும்.

உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். அந்த டெலஸ்கோப்புக் குழாயைத் தாங்கிக்கிட்டுத் திருப்புற அடிப்பாகம் இருக்கு பாருங்க, மவுன்ட்டு, அதுக்குள்ள மோட்டார். மோட்டாரை ஓட்ட ஒரு கன்ட்ரோலர், பழைய கார்ட்லெஸ் போன் மாதிரி கையில வச்சு பட்டன் அமுக்கறது. அந்தக் கன்ட்ரோலர் அடியில, போன் ஒயர் சொருகற மாதிரி ஒரு ஓட்டை. அதுல சீரியல் கேபிளை மாட்டி, மறுமுனையைக் கம்ப்யூட்டர்ல குடுத்துட்டா, கம்ப்யூட்டர் சொல்ற பக்கம் மவுன்ட்டு திரும்பும். கேமராவை மாட்டிப் படம் கீழ கொண்டு வர்றது எனக்கு ரெண்டு நாள் வேலை. அது வந்துருச்சு. திருப்பறதுதான் வரல.

இத்தனைக்கும் நான் யாரு? சப்-ஸ்டேஷன்ல இருந்தவன். பதினோராயிரம் வோல்ட்டு லைன்ல வேலை வாங்குனவன். புயல் அடிச்சப்போ இந்த ஜில்லாவுக்கே லைட்டு குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். இது என்னம்மா, தொட்டா உறைக்கக்கூடச் செய்யாத ஒயரு. மூணே கம்பி. ஒண்ணு அனுப்ப, ஒண்ணு வாங்க, ஒண்ணு எர்த்து. அதுக்கிட்ட நான் தோத்தேன்.

கம்ப்யூட்டரு புதுசு. அதுல அந்த ஒன்பது முள்ளு வச்ச சாக்கெட்டே கெடையாது. இப்பல்லாம் யாரும் வைக்கறதில்லையாம். நடுவுல ஒரு அடாப்டர் வாங்கி மாட்டணும்னாங்க. மாட்டுனேன். கம்ப்யூட்டருக்கு அதை அடையாளம் தெரியல. அடையாளம் தெரிய வைக்க ஒரு வாரம். அப்புறம் அது ஒரு நம்பர் காட்டும், நாம வேற நம்பரைச் சொல்லியிருப்போம். அதைச் சரி பண்ணுனா, வேகம் ஒத்துப் போகலம்பாங்க. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, மேல ஓடிப் போய் நின்னுக்கிட்டு, "திலகா, அமுக்கு"ன்னு கத்துவேன். கீழ அவ விரலைக் கீ மேல வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருப்பா. அமுக்குவா. மவுன்ட்டு அப்படியே நிக்கும், கல்லுப் பிள்ளையார் மாதிரி. இறங்கி வந்து பார்த்தா திரையில ஒரு சின்னக் கட்டம், பதில் இல்லை, பதில் இல்லைன்னு.

சித்திரை போச்சு. வைகாசி போச்சு. நான் அந்தப் படியில ஏறி ஏறி இறங்குனதுல முட்டி வீங்கிருச்சு. அவ கீழ இருந்தே சொல்லுவா, விடுங்க, போதும், வந்து உட்காருங்கன்னு. எனக்கு விட மனசு வரலை. கண்ணு முன்னால அந்த விரலு இளைச்சுக்கிட்டே வருது. முதல்ல கீயைத் தட்டுவா. அப்புறம் அமுக்குவா. அப்புறம் விரலை வச்சு, கையோட பாரத்தைப் போட்டு அமுக்குவா. நான் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், கேபிளைப் பிச்சுப் பிச்சு மாட்டறேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலையேம்மா. வியாதிக்கிட்ட ஒண்ணும் பண்ண முடியல. இதுலயாவது ஏதாவது பண்ணலாம்னு.

ஒரு நாள் அவ ஏதோ சொன்னா, அனுப்பற கம்பியும் அனுப்பற கம்பியும் முட்டிக்கிட்டு நிக்குதோ என்னவோ, ஒரு முனையில மாத்திப் போட்டுப் பாருங்களேன்னு. அவளுக்கு எப்பவும் வாத்தியார் புத்தி. நீ பேசிப் பேசிக் களைச்சுப் போகாதே, தொண்டைக்கு ஓய்வு குடுன்னு சொல்லிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். கலர் கலரா மூணு கம்பி இருக்கு, படத்துல போட்டிருக்கற மாதிரியே மாட்டியிருக்கேன், அதுல மாத்தறதுக்கு என்ன இருக்கு?

ஆடிக் காத்துல பைப்பு பிச்சுக்கிச்சு. அதை ஆணி அடிச்சு நிறுத்துனேன். ஆவணியில பக்கத்து முருங்கை மரத்துலேர்ந்து ஒரு அணில் வந்து மேல் முனையைக் கடிச்சு வச்சுட்டுப் போயிருச்சு. சிரிக்காதீங்க. அன்னைக்கு நான் மாடியில உட்கார்ந்து அழுதேன். அணிலுக்காக ஒரு ஆம்பளை அழறான். கீழ வந்தப்போ அவ கேட்டா, ஏன் கண்ணு செவந்திருக்குன்னு. தூசின்னேன்.

புரட்டாசியில சனி நல்லா மேல வர ஆரம்பிச்சுச்சு. பொழுது சாயும்போதே கிழக்க தெரியும்னு அவதான் சொன்னா. அப்போ அவ பேசறதுல பாதி எனக்குப் புரியாது. பக்கத்து வீட்டு ஜைனம்புக்குப் புரியும். எப்படித்தான் புரியுமோ. அந்தப் பொண்ணு தினம் மத்தியானம் வந்து உட்கார்ந்து இவகிட்ட ஏதாவது பேசிக்கிட்டு இருக்கும். தையல் தைக்கிற பொண்ணு, படிப்பு அவ்வளவா இல்ல. இவளுக்கு அதுகூட என்ன பேச்சோ, எனக்குத் தெரியாது. சிரிச்சுக்குவாங்க.

நான் முடிவு பண்ணுனேன், நேரா மெட்ராஸுக்கே போய், எலக்ட்ரானிக் சாமான் விக்கிற ரிச்சி தெருவுல நின்னு, கன்ட்ரோலரையே கையில காட்டி, இதுக்குன்னே செஞ்ச கேபிளா வாங்கிட்டு வந்துர்றதுன்னு. ஜைனம்புகிட்ட சொல்லிட்டு, மருந்து எப்போ, கஞ்சி எப்போன்னு எல்லாம் ஒப்பிச்சுட்டுப் போனேன். ராத்திரி தங்கி மறுநாள் ராத்திரிதான் வருவேன்னு சொன்னேன். அவளை விட்டுட்டு ஒரு ராத்திரி வெளிய படுத்தது அதுதான் முதல் தடவை. தூக்கம் வரலை. காலையில கடை திறந்ததும் வாங்கிட்டு, கெடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு சாயங்காலமே வந்து எறங்கிட்டேன். மடியில அந்தக் கேபிளை வச்சுக்கிட்டு வந்தேன், குழந்தையை வச்சுக்கிட்டு வர்ற மாதிரி.

வீட்டுக்குள்ள வர்றேன், கதவு தொறந்து கெடக்கு. கட்டில் காலி.

அம்மா, அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்லுவேன்? போர்வை ஒரு பக்கம் ஒதுங்கிக் கெடக்கு. தலையணையில அவ தலை இருந்த குழி இருக்கு. அவ இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா, அதுக்கு மேல ஏதும் ஆயிருச்சா. கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் கேட்டுச்சு. மாடியில சிரிப்புச் சத்தம்.

ஏறுனேன். மாடிக்கதவுல என் பூட்டு தொங்குது, கொண்டி பேர்ந்து. கல்லால அடிச்சு உடைச்சிருக்காங்க. வெளிய வந்தா, வானம் இன்னும் முழுசா இருட்டல. நடு மாடியில நம்ம சாப்பாட்டு மேஜை நாற்காலி. அதுல அவ. ஜைனம்புவோட துப்பட்டாவால நாற்காலியோட சேர்த்து இடுப்பைக் கட்டியிருக்கு. ஜைனம்பு பின்னால நின்னுக்கிட்டு இவ தலையை ரெண்டு கையாலயும் ஏந்தி, குழாய்க்கு நேராப் பிடிச்சிருக்கு, பச்சைப் புள்ளைக்குத் தலை நிக்காதப்ப பிடிப்பாங்களே, அப்படி. ஜைனம்பு வீட்டுக்காரரும் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஆரோக்கியசாமியும் ரெண்டு பக்கமும் நிக்கறாங்க. மவுன்ட்டோட பிடியைத் தளர்த்தி விட்டுட்டு, குழாயைக் கையாலயே திருப்பிக்கிட்டு இருக்கார் ஆரோக்கியசாமி. மோட்டாரும் இல்ல, கேபிளும் இல்ல. இவ ஏதோ சொல்லுவா, ஜைனம்பு "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்ங்கறாங்க"ன்னு சொல்லும், அவர் தள்ளுவார். அப்போ இவ சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு காலம் ஆச்சு.

நான் நின்னதை முதல்ல யாரும் பார்க்கல.

"யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"ன்னேன்.

ரெண்டு ஆம்பளைகளும் ஒதுங்கிட்டாங்க. ஜைனம்பு மட்டும் கையை எடுக்கல. எடுத்தா இவ தலை சாஞ்சுரும்ல.

"மேடத்தைக் கேட்டுத்தான் சார்"னுச்சு.

எப்படிப் பதில் பாருங்க. இவ என் பக்கமாக் கண்ணைத் திருப்பி ஏதோ சொன்னா. எனக்குப் புரியல. ஜைனம்பு சொன்னுச்சு, "நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்கன்னு சொல்றாங்க சார். வளையம் கம்பி மாதிரி தெரியுதாம்."

நான் பார்க்கல. பார்க்கற நிலைமையிலயா இருந்தேன்? பனி எறங்குது, அவ மேல ஒரு சால்வை கூடக் கெடையாது. கையில இருந்த பையைக் காட்டி, "கேபிள் வாங்கிட்டு வந்துட்டேன், இனிமே எல்லாம் கீழயே தெரியும், எறக்குங்க அவளை"ன்னேன். எறக்குனாங்க. படி திரும்புற எடத்துல நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலங்கறதுக்காக அது சரின்னு ஆயிருமா? கட்டில்ல படுக்க வச்சதும் அவங்க மூணு பேரையும் வாசல்ல நிறுத்திச் சொல்லிட்டேன், உங்க உதவிக்கு நன்றி, இனிமே என் வீட்டு விஷயத்தை நான் பார்த்துக்கறேன்னு. ஆரோக்கியசாமி ஏதோ சொல்ல வந்தார். ஜைனம்பு அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல. மத்தியானத்துல மதில் வழியா ஒரு கிண்ணம் ரசம் மட்டும் கொஞ்ச நாள் வச்சுட்டுப் போச்சு. அதுவும் நின்னுருச்சு. மனுசங்களுக்கு நன்றி எங்க இருக்கு?

மறுநாளே மாடிக்கு இரும்புக்கதவு போட்டேன். உங்களுக்குத் தெரியுமா, அந்த வாரத்துலயே அவளுக்குக் குரல் சுத்தமாப் போயிருச்சு. பனியில உட்கார வச்சதாலதான்னு நான் நினைக்கறேன். டாக்டர் அப்படி இல்லங்கறார், வியாதி அந்தக் கட்டத்துக்கு வந்துருச்சு, பனிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைங்கறார். அவருக்கு என்ன, அவரா அன்னைக்கு இங்க இருந்தார்?

மெட்ராஸ் கேபிளும் வேலை செய்யல. அதைச் சொல்லவே எனக்கு வாய் வரலை. அதே கட்டம், அதே பதில் இல்லை. அப்புறம் ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. குழாய் மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டு, கீழ அவ பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, மழை சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருப்போம். நான் அவ விரலைப் பிடிச்சு உருவி விடுவேன். எண்ணெய் போட்டு, ஒவ்வொரு கணுவா. நீ மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தாங்குன்னு விரலுகிட்டப் பேசுவேன். அது என் கைக்குள்ள துணி மாதிரி கெடக்கும்.

கார்த்திகையில மழை விட்ட ஒரு சாயங்காலம். பழைய கேபிள்ல அணில் கடிச்ச முனையை வெட்டிட்டுப் புதுசா ஒட்ட வச்சேன். வெளிச்சம் மங்கிருச்சு, என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. ஏதோ மாட்டுனேன். கீழ வந்து, எதுவும் எதிர்பார்க்காமத்தான் கீயை அமுக்குனேன். மேல மோட்டார் உறுமுற சத்தம் கேட்டுச்சும்மா. சத்தியமா நம்பலை. மறுபடி அமுக்குனேன். மறுபடி உறுமுச்சு. மேல ஓடிப் போய்ப் பார்த்தா, ரெண்டு கம்பியை இடம் மாத்தி மாட்டியிருக்கேன். தப்பா மாட்டுனது சரியா வேலை செய்யுது. அவகூட எப்பவோ அந்த மாதிரி ஒண்ணு சொன்னதா ஞாபகம். என்னமோ, கடவுளாப் பார்த்துக் கையை மாத்தி வச்சார்னு வச்சுக்கங்க.

சனியைத் தேடிப் பிடிச்சேன். திரையில வந்துருச்சு. ஒரு சின்ன உருண்டை, நடுவுல ஊசியால கீறுன மாதிரி ஒரு கோடு. கம்ப்யூட்டரை அவ கண்ணுக்கு நேரா நகர்த்தி வச்சேன். "திலகா, பாரு, வந்துருச்சு பாரு"ன்னேன். அவ விரலை எடுத்துக் கீ மேல வச்சேன். அமுக்கு, நீயே திருப்புன்னேன். விரல் அப்படியே இருந்துச்சு. எவ்வளவு நேரம் அப்படி நின்னேன்னு தெரியல. அப்புறம் அவ விரல் மேல என் விரலை வச்சு நான் அமுக்குனேன். சனி மெதுவா இந்தப் பக்கம் நகர்ந்துச்சு. அந்தக் கீயை அமுக்குனேன், அந்தப் பக்கம் நகர்ந்துச்சு. அவ திரையைப் பார்க்கல. என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தா.

"தெரியுதா?"ன்னு கேட்டேன்.

கண்ணை மேல தூக்குனா.

உங்களுக்குச் சொல்லணும்ல. பேச்சு போனதும் ஆஸ்பத்திரியில ஒரு அம்மா வந்து கத்துக்குடுத்தாங்க. ஆமான்னா கண்ணை மேல தூக்கணும். இல்லைன்னா கண்ணை மூடித் திறக்கணும். இப்போ அவளுக்கு இருக்கறது அது ரெண்டுதான். அதனால நாம கேக்கறதை ஆமா இல்லைன்னு வர்ற மாதிரி கேக்கணும். நல்ல முறைதான். எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு.

ஆனா இப்போ கொஞ்ச நாளா ஒரு குழப்பம். எதைக் கேட்டாலும் ஆமாங்கறா. தண்ணி வேணுமா? மேல. வலிக்குதா? மேல. வலி இல்லையே? அதுக்கும் மேல. தூங்கறியா? மேல. முழிச்சிருக்கியா? மேல. இல்லைங்கறதே கெடையாது. வியாதி மூளைக்கும் ஏறிருச்சோன்னு பயந்து டாக்டரைக் கூப்பிட்டேன். வந்து டார்ச் அடிச்சு, அது இதுன்னு பார்த்துட்டு, மூளை நம்ம எல்லாரையும் விடத் தெளிவா இருக்குன்னுட்டுப் போறார். தெளிவா இருந்தா ஏம்மா எல்லாத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லணும்?

தினமும் சாயங்காலம் திரையைப் போட்டு சனியைக் காட்டறேன். நேரம் தவறுனதில்ல. வளையம் இன்னும் மெலிஞ்சே இருக்கு. அவ பார்க்கறதில்ல. கண்ணு மேலயே இருக்கு.

நேத்து என்ன நினைச்சேனோ, கட்டில்ல அவ பக்கத்துல மல்லாக்கப் படுத்தேன். கல்யாணம் ஆன புதுசுல படுத்த மாதிரி, தோளும் தோளும் ஒட்ட. அப்படி எதைத்தான் பார்க்கறா, நானும் பார்ப்போமேன்னு பார்த்தேன். ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தளத்துல மழைத் தண்ணி இறங்குன கறை ஒண்ணு. வேற ஒண்ணும் இல்லம்மா. ரொம்ப நேரம் பார்த்தேன். ஒண்ணும் இல்ல.

அப்பத்தான் தோணுச்சு. அவளுக்குக் கழுத்து திரும்பாது, பக்கத்துல வச்சா எப்படிப் பார்ப்பா? திரையைத் தூக்கித் தளத்துலயே மாட்டிட்டா, அவ பார்க்கற எடத்துக்கே சனி வந்துரும்ல? ஃபேனைக் கழட்டிட்டு ஒரு இரும்புச் சட்டம் அடிச்சாப் போதும். கேபிள்தான் எட்டாது. இன்னும் நீளமா வாங்கணும். நீங்க பெரிய ஊர்ல இருக்கீங்க, கெடைச்சா வாங்கி அனுப்புங்க.

வேற என்ன செய்யணும்னு யாராவது சொன்னாச் செய்ய மாட்டேனா நான்? எதுன்னாலும் செய்வேம்மா. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே.

இருங்க. உள்ள அவ மூச்சுச் சத்தம் மாறிருச்சு. எழுந்துட்டா. போங்க, உள்ள போங்க. உங்க பேரைச் சொல்லுங்க, கண்டிப்பா அடையாளம் தெரியும். உங்க கைக்குள்ள அவ கையை எடுத்து வச்சுக்கங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது. என்ன வேணும்னாலும் கேளுங்க. கண்ணை மேல தூக்குவா. ஆமான்னு எடுத்துக்கங்க.